தெருவெங்கும் கேமரா வைத்தால் நகரத்தில் குற்றம் குறையுமா?

குறையும், ஆனால் எல்லாக் குற்றமும் இல்லை. எரிக் பீசா, பிராண்டன் வெல்ஷ், டேவிட் ஃபாரிங்டன் உள்ளிட்ட குற்றவியல் ஆய்வாளர்கள் 40 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியிட்டார்கள். கேமரா உள்ள இடங்களில் குற்றம் சராசரியாக 13% குறைந்திருந்தது. வாகன நிறுத்துமிடங்களில் மட்டும் 37%! அடிதடி, தாக்குதல் போன்ற வன்முறைகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். வண்டி திருட வருபவன் சுற்றுமுற்றும் பார்த்து, மாட்டிக்கொள்வோமா என்று கணக்குப் போடுகிறான். ஆத்திரத்திலோ போதையிலோ கை ஓங்குபவன் கேமராவை நிமிர்ந்தே பார்ப்பதில்லை.

இன்னொன்று, கம்பத்தில் மாட்டினால் மட்டும் போதாது. திரையை ஒருவர் நேரலையில் கவனித்து, உடனே காவலர்களை அனுப்பும் இடங்களில்தான் பலன் அதிகம். நல்ல தெருவிளக்கும் கூடவே வேண்டும். பதிவு மட்டும் ஆகிற கேமரா, நடந்து முடிந்த பிறகு துப்புத் துலக்க உதவும். அதுவும் பெரிய உதவிதான், ஆனால் அது தடுப்பு ஆகாது.

அப்புறம், பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாளில் அழிக்க வேண்டும் என்ற விதிகள் கேமராவுக்கு முன்பே வர வேண்டும். முகத்தை அடையாளம் காணும் மென்பொருள் சேர்ந்தால் இது இன்னும் அவசரம். அது ஆளை மாற்றிச் சொல்லி, குற்றமற்றவர்கள் கைதான சம்பவங்கள் உண்மையிலேயே நடந்திருக்கின்றன.