வாசகர் கேள்வி: பியரில் நுரை நிற்க என்ன செய்வது?

கேள்வி: வீட்டில் 20 லிட்டர் பியர் நொதிக்க வைத்து, பாட்டிலுக்கு அரை ஸ்பூன் சர்க்கரை போட்டு மூடினேன். ஒரு வாரத்தில் திறந்தால் ஒன்று பொங்குகிறது, இன்னொன்று சப்பென்று இருக்கிறது. நுரையும் உடனே அடங்கிவிடுகிறது. ஏன்?

பதில்: ஸ்பூன் அளவுதான் முதல் கோளாறு. 120 கிராம் சர்க்கரையை எடை போட்டு, கால் லிட்டர் தண்ணீரில் 5 நிமிடம் கொதிக்க விட்டு ஆறவையுங்கள். சுத்தம் செய்த வாளியில் அதை ஊற்றி, அதன் மேல் பியரைக் குழாய் வழியே சலசலப்பில்லாமல் இறக்குங்கள். மெதுவாக ஒருமுறை கலக்கினால் எல்லா பாட்டிலுக்கும் இனிப்பு ஒரே அளவில் போகும். மேலே 2.5 செ.மீ. இடம் விடுங்கள்.

ஒரு வாரம் போதவே போதாது. 20 டிகிரி செல்சியஸில் 2 முதல் 3 வாரம், பிறகு ஃபிரிட்ஜில் 2 நாள். குளிர்ந்தால்தான் சர்க்கரை நொதித்து உண்டான வாயு பியரில் நன்றாகக் கரையும்.

நுரை அடங்குவதற்குப் பெரும்பாலும் கிளாஸ்தான் காரணம். எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பும் நுரையைக் கொன்றுவிடும். கிளாஸின் உள்சுவரில் குமிழ் ஒட்டினால் அது அழுக்கு என்று அர்த்தம். அடுத்த முறை தானியத்தில் 5 முதல் 10 சதவீதம் கோதுமை சேருங்கள், அதன் புரதம் நுரையைத் தாங்கும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஹைட்ரோமீட்டர் (பியரின் அடர்த்தியை அளக்கும் கருவி) காட்டும் அளவு 3 நாள் மாறாமல் நின்ற பிறகே பாட்டிலில் அடையுங்கள். நொதித்தல் முடியாமல் அடைத்தால் பாட்டில் வெடிக்கும்.