வாங்கியவருக்கா நன்றி?

கேள்வி: ஏழை நாடுகளின் சரக்கை ஐம்பது வருடமாக வாங்கி வாங்கியே அவற்றை முன்னுக்குக் கொண்டுவந்தது அமெரிக்கா. இப்போது கொஞ்சம் வரி போட்டதும் எல்லோரும் திட்டுகிறோம். இது நன்றி கெட்டதனம் இல்லையா?
– வாசகர், ஈரோடு

பதில்: மளிகைக் கடையில் காசு கொடுத்துப் பருப்பு வாங்கிப் போகிறவருக்குக் கடைக்காரர் நன்றிக்கடன் பட்டவரா என்ன? மலிவாகக் கிடைத்தது, வாங்கினார்கள்.

வாங்கியது சின்னத் தொகை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1985ல் சீனாவிலிருந்து அமெரிக்கா இறக்குமதி செய்த சரக்கு 400 கோடி டாலருக்கும் கீழே. சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த 2001ல் அது 10,200 கோடி. 2018ல் சுமார் 53,900 கோடி. இதனால் சீனத் தொழிலாளி பட்டினியிலிருந்து மீண்டார் என்பதும் உண்மை. ஆனால் கதவு எல்லோருக்கும் ஒரே அளவில் திறக்கவில்லை. ஏழை நாட்டுக்கு எதைச் செய்யத் தெரியுமோ அந்த இடத்தில்தான் அது ஒருக்களித்தே இருந்தது.

துணியைப் பாருங்கள். 1961ல் கென்னடி ஆட்சியில், பருத்தித் துணி அளவுக்கு மீறி வந்து குவியாமல் தடுக்க, குறுகிய கால ஏற்பாடு என்று சொல்லி ஒரு கட்டுப்பாடு வந்தது. அது வேறு வேறு பெயரில் நீண்டு, 1974ல் எம்.எஃப்.ஏ. (பல இழைத் துணிகளுக்கான ஒப்பந்தம்) ஆகி, 2004 டிசம்பர் 31 வரை உயிரோடு இருந்தது. நாற்பத்துமூன்று வருடக் 'குறுகிய காலம்'! எந்த நாடு எத்தனை சட்டை அனுப்பலாம் என்பதை வாங்குகிறவர்கள் நிர்ணயித்தார்கள். பக்கத்து திருப்பூரில் பழைய ஏற்றுமதியாளர் யாரையாவது கேளுங்கள். கோட்டா கையில் இல்லாதவர், இருப்பவரிடம் காசு கொடுத்து வாங்கி ஆர்டரை முடித்த கதையைச் சொல்வார். கோட்டா ஒழிந்த அதே 2005ல், சீனத் துணிக்கு மட்டும் 2008 முடியும்வரை மறுபடி வரம்பு கட்டினார்கள்.

அடுத்து சுங்கவரி. டிரம்ப் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, அமெரிக்காவுக்குள் வரும் பருத்தி டி-ஷர்ட்டுக்கு 16.5 சதவீதம், செயற்கை இழை டி-ஷர்ட்டுக்கு 32 சதவீதம். காருக்கு? 2.5 சதவீதம். ஆகவே சட்டை தைத்து அனுப்பும் பங்களாதேஷ் சராசரியாகச் சுமார் 15 சதவீதம் சுங்கம் கட்டியது. விமான இன்ஜினும் மருந்தும் விஸ்கியும் அனுப்பும் பிரிட்டனுக்கு ஒரு சதவீதம்கூட இல்லை. (அந்த வரியைக் கடைசியில் சுமந்தது மலிவுச் சட்டை வாங்கிய அமெரிக்க ஏழைதான்.)

வளரும் நாடுகளுக்கென்று ஜி.எஸ்.பி. என்ற வரிச்சலுகை 1976ல் தொடங்கியது உண்மை. ஆனால் பெரும்பாலான ஆயத்த ஆடையும் செருப்பும் அந்தப் பட்டியலிலேயே கிடையாது. 2013ல் அங்கே ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்த பிறகு, பங்களாதேஷைத் தண்டிப்பதாக அந்தச் சலுகையை நிறுத்திவைத்தார்கள். ஆடைக்கு இல்லாத சலுகையைப் பறித்து ஆடைத் தொழிலுக்குத் தண்டனை! 2019ல் இந்தியாவையும் நீக்கினார்கள். 2020 முடிவில் திட்டமே காலாவதியானது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் வருடக்கணக்கில் அதைப் புதுப்பிக்காமல் போட்டுவைத்தது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இறக்குமதிப் புள்ளிவிவரமே முழுக் கதையையும் சொல்லாது. 2009ல் ஐபோன் 3ஜியைப் பிரித்துக் கணக்குப் போட்டார்கள். ஒரு போனின் தயாரிப்புச் செலவு சுமார் 179 டாலர். அதில் சீனாவில் பொருத்துவதற்கான கூலி 6.50 டாலர். மிச்சம் ஜப்பான், ஜெர்மனி, கொரியா, ஏன் அமெரிக்காவின் பாகங்களுக்கே போனது. ஆனால் துறைமுகக் கணக்கில் முழுத் தொகையும் சீனாவின் பேரில்தான். கடையில் விற்ற லாபமோ கலிஃபோர்னியாவுக்கு.

அதற்காக அமெரிக்கத் தொழிலாளியின் கோபம் பொய் என்று சொல்லமாட்டேன். 2003ல் வடக்கு கரோலினாவின் கன்னாபொலிஸில் பில்லோடெக்ஸ் துணி ஆலை மூடியபோது அங்கே நாலாயிரத்துக்கும் அதிகமானோர் ஒரே அடியாக வேலை இழந்தார்கள். அவர்களுக்கு மாற்றுவழி காட்டியிருக்க வேண்டியது மலிவுச் சரக்கில் கொழுத்த சொந்த நாட்டுக் கம்பெனிகளும் அரசாங்கமும். டாக்காவில் மெஷின் மிதிக்கும் பெண் இல்லை.

வரியால் வாங்குவது நின்றதா என்றால், அதுவும் இல்லை. 2018ல் சீனா மீது வரி போட்டார்கள். 2023ல் மெக்சிகோ சுமார் 47,500 கோடி டாலருக்கு விற்று சீனாவை முந்தியது. 2000ல் 100 கோடிக்கும் குறைவாக விற்ற வியட்நாம், 2024ல் 13,600 கோடியைத் தொட்டது. அந்த வியட்நாம் பெட்டிகளைப் பிரித்தால் உள்ளே பாதிச் சாமான் சீனாவில் செய்தது என்று வாஷிங்டனில் இப்போது புகார்.