ராஜாவின் பிரகடனமும் நம் அரசமைப்பும்: கேள்வி பதில்

முன்பு திருவிதாங்கூர் ராஜாவின் ஆட்சியில் இருந்த குமரி மாவட்டத்தின் தக்கலையில் மாதந்தோறும் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் அரசமைப்புச் சட்டம் பற்றி நண்பர்கள் கேட்டவையும் நான் சொன்னவையும்.

இரணியல் கல்லூரி மாணவி: ராஜா காலத்திலும் சட்டம் இருந்ததே ஐயா. அரசமைப்பு புதிதாக எதைத் தந்தது?

சட்டம் இருந்தது அம்மா. சட்டம் போடுகிறவரைக் கட்டிப்போடும் சட்டம்தான் இல்லை. மார்பை மறைக்கும் தோள்சீலைக்காக இந்த மண்ணின் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் அடிபட்டுப் போராடினார்கள். 1859-இல் திருவிதாங்கூர் ராஜா பிரகடனம் வெளியிட்டு மேலாடைக்கு இடம் கொடுத்தார். அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்று நிபந்தனை. அந்தச் சாதியாருக்குக் கோயில் வாசல் திறக்க 1936 நவம்பர் 12 வரை காத்திருந்தோம். அதுவும் பிரகடனம்தான். ராஜா மனம் வைத்தால் கிடைக்கும், அவ்வளவே. 1950 ஜனவரி 26-க்குப் பிறகு நிலை வேறு. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அடிப்படை உரிமைக்கு முரணான சட்டம் செல்லாது என்கிறது 13-ஆம் பிரிவு. நம் பாட்டிமார் ரத்தம் சிந்திக் கேட்டது, யாருடைய தயவுக்கும் காத்திராத உரிமையானது அன்றுதான்.

குழித்துறை வாசகர்: தமிழகத்தோடு இணையும் முன் நம்மிடம் வாக்கெடுப்பு நடத்தினார்களா?

இல்லை. மாநில எல்லையை மாற்றும் அதிகாரத்தை 3-ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், சம்மதம் தேவையில்லை. அப்படித்தான் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தமிழகத்தோடு இணைக்கக் கேட்டுப் போராடி 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டவர்கள் இல்லாமல் நம் குரல் டெல்லியில் கேட்டிருக்காது. அங்கே வாழும் மக்களை நேரடியாகக் கேட்க அந்தப் பிரிவில் வழியே இல்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

சுசீந்திரம் அன்பர்: நம் கோயில்கள் அரசமைப்பில் இடம்பெற்றிருக்கின்றனவாமே?

ஆம், 290-அ பிரிவில். திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து வந்த பகுதிகளின் கோயில்களுக்காகத் தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் 13,50,000 ரூபாயைத் தேவஸ்வம் நிதிக்கு, அதாவது கோயில் பராமரிப்பு நிதிக்குத் தர வேண்டும். சட்டமன்றம் விவாதிக்கலாம், வாக்கெடுப்புக்கு விட முடியாது. அந்த எண்ணை மாற்ற அரசமைப்பையே திருத்த வேண்டும்.

மார்த்தாண்டம் வாசகர்: பெரும்பான்மை இருந்தால் எதையும் திருத்தலாமா?

முடியாது. 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 13 நீதிபதிகளில் 7 பேர், அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் தொடக்கூடாது என்றார்கள்.

தூத்தூர் மீனவர்: ஆழ்கடல் தொழில் எங்களுடையது. சென்னையிடம் கேட்பதா, டெல்லியிடமா?

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பு மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதற்கு அப்பால் ஒன்றியப் பட்டியல், 57-ஆம் இனம். உங்கள் படகுகள் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் வலை விரிக்கின்றன. ஆகவே மனுவின் முதல் வரியிலேயே எந்தக் கடலைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று எழுதி, இரு அரசுகளுக்கும் அனுப்புங்கள். பதிலே வராவிட்டால் 226-ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிப்பேராணை, அதாவது அரசுக்கு நீதிமன்றம் இடும் கட்டளை, கேட்கலாம். அந்த மனுவை எழுத நான் உடன் இருக்கிறேன், அண்ணாச்சி.