எல்லோர் கையிலும் செல்பேசி இருக்கும்போது சமுதாயக் கணினி மையங்களுக்கு எதற்கு நிதி? குறைத்தால் என்ன தவறு?

குறைக்கக் கூடாது என்பதுதான் என் பதில். பதினோரு ஆண்டுகளாக இப்படியொரு மையத்தில் மாலை நேரங்களில் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் மூன்று ஆண்டுகள் தன்னார்வலராக, அப்புறம் பகுதிநேரப் பயிற்றுநராக. ஆகவே தள்ளி நின்று பேசும் ஆள் இல்லை நான். ஒதுக்கீட்டைக் குறைக்க நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது நீங்கள் கேட்ட அதே செல்பேசி வாதம்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சரக்கு வண்டி ஓட்டும் ஒருவர் எங்கள் மையத்துக்கு வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். செல்பேசியில் அவருக்குத் தெரியாதது குறைவு. வழி பார்ப்பார், குரல் செய்தி அனுப்புவார், பணம் அனுப்புவார். அவர் கேட்டிருந்த வேலைக்கு நான்கு பக்கப் படிவம், அதுவும் இணையதளத்தில் மட்டும். மூன்று இரவுகள் செல்பேசியிலேயே முயன்றிருக்கிறார். ஓடிபி வந்ததும் அதைப் பார்க்கக் குறுஞ்செய்திக்குப் போவார். திரும்பி வந்தால் பக்கம் புதிதாகத் திறந்து, நிரப்பியதெல்லாம் காணாமல் போயிருக்கும். ஓடிபியைத் தாளில் குறித்துக்கொள்ளப் பழகியதும் அடுத்த முட்டுக்கட்டை வந்தது. சான்றிதழை 200 கேபிக்குள் பிடிஎஃப் ஆக ஏற்ற வேண்டும். அவர் எடுத்த படமோ 4 எம்பி, ஏறக்குறைய இருபது மடங்கு பெரிது. கேபி என்றால் என்ன என்று கேட்பதற்கு அவருக்கு ஆள் இல்லை. "எனக்குப் படிப்பு பத்தாது டீச்சர், அதான் வரமாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வந்தார். அவர் படிப்பில் ஒரு குறையும் இல்லை. பெரிய திரை, ஸ்கேனர், பக்கத்தில் ஓர் ஆள், இவ்வளவும் கிடைத்ததும் நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது.

பார்க்கவும் பேசவும் செல்பேசி போதும். விண்ணப்பம் எழுத, தன்விவரக் குறிப்பு தயாரிக்க, வரவு செலவுக் கணக்கை விரிதாளில் போட்டுக் கூட்ட, இரண்டு ஆவணங்களை அருகருகே வைத்து ஒப்பிட விசைப்பலகையும் அகலமான திரையும் வேண்டும். வேலைக்கு எடுப்பவர் "கம்ப்யூட்டர் தெரியுமா" என்று கேட்கும்போது செல்பேசியை நினைத்துக் கேட்பதில்லை. அந்தச் செல்பேசியும் எல்லோரிடமும் இல்லை. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் இணையத்தையே பயன்படுத்தாதவர்கள் 260 கோடிப் பேர், அதாவது மூன்றில் ஒருவர்.

இந்த மையங்களில் நிதி எதற்குச் செலவாகிறது என்று பலருக்கும் தெரிவதில்லை. இயந்திரங்கள் வாங்குவதற்கு என்று நினைக்கிறார்கள். இயந்திரம் ஒருமுறை வாங்குவது. மாதாமாதம் வேண்டியிருப்பது பக்கத்தில் உட்காரும் ஆளுக்கான சம்பளம். அந்த ஆள் என்ன செய்கிறார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வெட்டு முதலில் விழுவது அவர் மேல்தான்.

முதல் நாள் வருபவர்களில் பலருக்கு மவுஸ் பிடிக்கும் கை நடுங்கும். மேசை விளிம்புக்குப் போனதும் அம்புக்குறி நின்றுவிடும். மவுஸைத் தூக்கி நடுவில் வைத்து மறுபடி நகர்த்தலாம் என்பது அவர்களுக்குத் தோன்றாது. யாருக்கும் தானாகத் தோன்றாது. வயதானவர்களுக்கு இரட்டைச் சொடுக்கு விழாது. அமைப்புகளில் போய் அதன் வேகத்தைக் குறைத்துவிட்டால் அடுத்த நிமிடமே கோப்பு திறக்கும், அந்த முகத்தில் வரும் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். பார்வையற்ற ஒருவருக்குத் திரைவாசிப்பானை, அதாவது திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் மென்பொருளை, நிறுவி, எந்த விசை எதற்கு என்று விரலைப் பிடித்துக் காட்ட வேண்டும். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. காட்டித்தர ஒருவர் இல்லையென்றால் அந்த இலவசத்தால் என்ன பயன்?

எங்கள் மையத்தில் ஒரு விதி உண்டு. கற்றுக்கொள்பவர் கையிலிருந்து மவுஸை வாங்கக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் அவர்தான் நகர்த்த வேண்டும், நாம் வாயால் மட்டும் சொல்ல வேண்டும். "இது ரொம்ப ஈசி" என்றும் சொல்லக் கூடாது. எளிது என்று சொன்ன பிறகும் தனக்கு வரவில்லை என்றால் அவர் அடுத்த நாள் வர மாட்டார். இதெல்லாம் எந்தச் செயலியும் செய்யாது. இப்போது செயற்கை நுண்ணறிவு அரட்டை வந்துவிட்டது, அதனிடம் கேட்டுக்கொள்ளலாமே என்கிறார்கள். கேள்வியைத் தட்டச்சு செய்யத் தெரிந்தவருக்கு அது உதவும், நானே பயன்படுத்துகிறேன். தன் கேள்வி என்ன என்றே சொல்லத் தெரியாமல் திரையைச் சுட்டிக்காட்டி "இது என்னமோ கேக்குது" என்பவருக்கு ஒரு மனிதர் வேண்டும்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. நியூயார்க்கின் ஹார்லெமில், குடியிருப்புக் கட்டடம் ஒன்றின் அடித்தளத்தில், 1983இல் ஒரு சமுதாயக் கணினி மையம் திறக்கப்பட்டது. தொடங்கியவர் அன்டோனியா ஸ்டோன், கணித ஆசிரியை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணினி கிடைக்கிறது, மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதைப் பார்த்து அந்த வேலையில் இறங்கினார். தனிக்கணினி கடைக்கு வந்து சில ஆண்டுகளே ஆன காலம் அது. கருவி பரவினாலும் கூடவே ஆள் இல்லாவிட்டால் இடைவெளி அப்படியே நிற்கும் என்பது அப்போதே தெரிந்திருந்தது.

நிதி எப்படி வெட்டப்படுகிறது தெரியுமா? ஒரே நாளில் மையத்தை மூடிவிடுவதில்லை. முதலில் நேரம் குறையும். காலை பத்திலிருந்து இரவு எட்டுவரை திறந்திருந்தது, மாலை ஐந்தோடு முடியும். வேலைக்குப் போகிறவர்கள் வருவதே ஆறு மணிக்கு மேல்தான். அவர்கள் நின்றுபோவார்கள். அப்புறம் இரண்டு பயிற்றுநர்களில் ஒருவர் போவார். பத்துப் பேருக்கு ஒருவர் என்று ஆனதும், தொடக்க நிலையில் இருப்பவர்கள் காத்திருந்து சலித்து நின்றுவிடுவார்கள். ஏற்கெனவே தெரிந்தவர்கள் மட்டும் வருவார்கள். அடுத்த ஆண்டு வருகைப் பதிவேட்டை எடுத்துவைத்துக்கொண்டு "பாருங்கள், பயன்பாடு குறைந்துவிட்டது" என்பார்கள். குறைத்தது யார்?

எங்கள் மையத்தில் இதை நான் கண்ணால் பார்த்தேன். நேரத்தைக் குறைத்த மூன்றாவது மாதமே மாலை வகுப்பில் இருபத்திரண்டு பேர் எட்டுப் பேராகிவிட்டார்கள். அந்த எட்டு என்ற எண்தான் அறிக்கையில் போனது. இருபத்திரண்டு போகவில்லை.

"நோக்கம் நிறைவேறிவிட்டது" என்ற காரணத்தையும் அடிக்கடி கேட்கலாம். அமெரிக்க வணிகத்துறை 2002 பிப்ரவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. முந்தைய செப்டம்பர் கணக்குப்படி மக்களில் 54 விழுக்காட்டினர் இணையத்தில் இருக்கிறார்கள் என்றது. அதே நேரத்தில் வந்த நிதிநிலைத் திட்டத்தில், சமுதாயத் தொழில்நுட்ப மையங்களுக்கான கல்வித்துறைத் திட்டத்தையும் வணிகத்துறையின் இணையான திட்டத்தையும் கைவிட முன்மொழிந்தார்கள். ஆனால் அந்த அறிக்கைக்குள்ளேயே இன்னோர் எண் இருந்தது. ஆண்டு வருமானம் 15,000 டாலருக்கும் குறைவான வீடுகளில் இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் 25 விழுக்காடுதான். சராசரியைக் காட்டித் திட்டத்தை நிறுத்தினால் அடிபடுவது அந்தச் சராசரிக்குக் கீழே இருப்பவர்கள். கனடாவிலும் இப்படித்தான். 1995இல் தொடங்கி நூலகங்களிலும் சமுதாயக் கூடங்களிலும் பொதுக் கணினிகளைக் கொண்டுவந்த சமுதாய அணுகல் திட்டத்துக்கான மத்திய அரசு நிதி 2012இல் நின்றது. அமெரிக்காவில் 2021இல் 275 கோடி டாலரோடு சட்டமாக்கப்பட்ட டிஜிட்டல் சமத்துவத் திட்டத்தை 2025 மே மாதம் முடிவுக்குக் கொண்டுவருவதாக அதிபர் டிரம்ப் அறிவித்தார். நாடு மாறுகிறது, ஆட்சி மாறுகிறது, இந்தத் தலைப்பில் கத்தரிக்கோல் மட்டும் மாறுவதில்லை.

இணைப்பு இருந்துவிட்டால் மையம் தேவையில்லை என்பதும் சரியில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 14 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர், 7 கோடியே 70 லட்சம் பேர், ஓராண்டில் பொது நூலகக் கணினியையோ வைஃபையையோ பயன்படுத்தியிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வீட்டிலோ வேலையிடத்திலோ வேறெங்கோ இணையம் இருந்தது. இருந்தும் வந்தார்கள். ஏன் வந்திருப்பார்கள் என்று எனக்குப் புரிகிறது. வீட்டில் ஒரு கணினி, நான்கு பேர். வீட்டில் பிரிண்டர் இல்லை. வீட்டில் கேட்டால் மகன் "எத்தனை தடவை சொல்றது" என்று சலித்துக்கொள்வான். மையத்தில் யாரும் சலித்துக்கொள்வதில்லை.

சரி, மிச்சமாவது எவ்வளவு என்று பார்ப்போம். மையத்தை மூடினால் அந்தத் தேவை போய்விடாது. அலுவலகங்கள் தங்கள் நேர்முகக் கவுன்ட்டர்களை மூடிவிட்டு "இணையத்தில் விண்ணப்பிக்கவும்" என்று பலகை வைத்துவிட்டன. அங்கே குறைந்த செலவு எங்கே போனது? எங்கள் மேசைக்கு வந்தது. எங்கள் மேசையையும் எடுத்துவிட்டால், பணம் வாங்கிக்கொண்டு படிவம் நிரப்பித் தருபவரிடம் போவார்கள். அவர்களில் நல்லவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் என்னிடம் வந்த ஒரு அம்மாவின் கதையைக் கேளுங்கள். அவருக்கு மின்னஞ்சல் கணக்கு தொடங்கிக் கொடுத்தவர் அவசரத்தில் தன் செல்பேசி எண்ணையே அதில் போட்டுவிட்டார். கடவுச்சொல்லை அம்மாவிடம் எழுதித் தரவும் இல்லை. இரண்டு ஆண்டு கழித்து உதவித்தொகைக் கணக்கில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. உறுதிப்படுத்தும் எண் யாரோ ஒருவருடைய செல்பேசிக்குப் போனது, அந்த எண்ணும் இப்போது உபயோகத்தில் இல்லை. தன் பெயரில் இருக்கும் கணக்குக்குள் அவரால் நுழைய முடியவில்லை. அதைச் சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது. மையத்தில் முதல் பாடமே இதுதான்: கணக்கு உன்னுடையது, எண் உன்னுடையது, கடவுச்சொல்லை என்னிடமும் சொல்லாதே. முடித்து எழும்போது வெளியேறினாயா என்று நாற்காலியைத் தள்ளுவதற்கு முன் கேட்போம். மோசடிக் குறுஞ்செய்தியை அடையாளம் காணவும் அங்கேதான் பழக்குகிறோம்.

எல்லா மையங்களும் நன்றாக நடக்கின்றன என்று நான் சொல்லவில்லை. திறப்பு விழாவுக்குப் பிறகு உறை மாட்டப்பட்டு, பூட்டிய அறையில் தூசி ஏறிக் கிடக்கும் கணினிகளை நானும் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் நடந்தது ஒன்றே. வாங்குவதற்குப் பணம் இருந்தது, நடத்துவதற்கு இல்லை. இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்துவிட்டது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய பிராசசரும் கணினியில் வேண்டும். மையங்களில் இருப்பவை பெரும்பாலும் அதற்கு முந்தைய, நன்கொடையாக வந்த இயந்திரங்கள். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு இன்னும் பல ஆண்டுகள் ஓட்டலாம், எங்கள் மையத்தில் ஆறு கணினிகள் அப்படித்தான் ஓடுகின்றன. அதை நிறுவவும், மாறிய முகப்பைப் பார்த்து மிரண்டவர்களுக்குப் பொறுமையாக விளக்கவும் மறுபடி ஆள்தான் வேண்டும். சரியாக நடக்காத மையத்துக்குச் செய்ய வேண்டியது அங்கே பயிற்றுநரைப் போட்டு மாலையில் திறந்துவைப்பது.

உங்கள் பக்கத்தில் ஒரு மையத்துக்கு வெட்டு வரப்போகிறது என்றால், உணர்ச்சியோடு எழுதும் கடிதத்தைவிடப் பெரிதாக உதவுவது ஒரு பதிவேடு. நாங்கள் நேரம் குறைக்கப்பட்ட பிறகுதான் அதைத் தொடங்கினோம், முன்னமே தொடங்கியிருக்க வேண்டும். வந்தவர் பெயர் வேண்டாம். என்ன வேலைக்கு வந்தார், எந்த அலுவலகம் அனுப்பியது, முடிந்ததா, எவ்வளவு நேரம் ஆனது, இடமில்லாமல் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர், இவ்வளவு போதும். "எந்த அலுவலகம் அனுப்பியது" என்ற பத்தி மிக முக்கியம். நிதியைக் குறைக்கச் சொல்லும் அதே நிர்வாகம்தான் தன் வாசலில் வந்தவர்களை எங்களிடம் அனுப்பிக்கொண்டிருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். எங்கள் ஏட்டில் முதல் நான்கு மாதத்தில் பாதிக்கு மேல் அப்படி வந்தவர்கள்.

அந்த ஏட்டை எடுத்துக்கொண்டு ஆலோசனைக் கூட்டத்துக்குப் போனோம். சரக்கு வண்டி ஓட்டுபவரும் வந்தார், யாரும் அழைக்காமலே. தன் முறை வந்ததும் பேச்செதுவும் பேசவில்லை. அந்த நான்கு பக்கப் படிவத்தை அச்செடுத்து வந்திருந்தார். அதை மேசைமேல் வைத்து, "இதை உங்க போன்ல நிரப்பிப் பாருங்க, நான் வெயிட் பண்றேன்" என்றார். எங்களுக்கு வாரத்தில் மூன்று மாலைகள் திரும்பக் கிடைத்தன. மற்ற இரண்டு மாலைகளுக்காக இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.