எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? விமானப் பயணக் கேள்வி பதில்

காரைக்குடி: அண்ணே, திருச்சியிலருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

வான்வழியே ஏறத்தாழ 2,980 கிலோமீட்டர். தூரத்தை 850-ஆல் வகுத்து அரை மணி கூட்டுங்கள். உயரத்தில் மணிக்கு 900 கிலோமீட்டர் பறந்தாலும், ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதிலும் ஏறி இறங்குவதிலும் நேரம் கரையும். இதற்கு நான்கு மணி நேரம் வரும்.

தேவகோட்டை: ராத்திரி 11 மணிக்கு ஏறி விடியக்காலம் 5.45-க்கு இறங்குறதா டிக்கெட்ல போட்டிருக்கே. கிட்டத்தட்ட ஏழு மணி நேரமாச்சே?

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. 6.45-இல் அதைக் கழித்தால் 4.15.

பள்ளத்தூர்: கோலாலம்பூருக்கு?

அங்கேயும் அதே இரண்டரை மணியைக் கழியுங்கள்.

கானாடுகாத்தான்: சென்னையிலருந்து லண்டன் போறதுக்கு, திரும்பி வர்றதைவிட ஒரு மணி நேரம் கூட ஆகுதே, ஏன்?

8,200 கிலோமீட்டர் போகவர ஒன்றுதான், காற்றுதான் வேறு. விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் சில இடங்களில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று.

கோட்டையூர்: ஒத்துக்க முடியலைண்ணே. பூமி கிழக்காமச் சுத்துது. மேற்க போனா லண்டன் நம்மள நோக்கி வருமே, சீக்கிரம்ல போகணும்?

காற்றும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. நம் ஊரில் தரை மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே நகர்கிறது. காற்று மட்டும் நின்றுபோனால் அந்த வேகத்தில் சூறாவளி அடித்து ஒரு வீடு மிஞ்சாது.

கோட்டையூர்: கூடவே சுத்துதுன்னா ஜெட் காற்று எங்கிருந்து வந்துச்சு?

சரியான கேள்வி. நிலநடுக்கோட்டுப் பக்கம் சூடேறி எழும் காற்று துருவம் நோக்கிப் போகிறது. வடக்கே போகப் போகத் தரையின் வேகம் குறைவு. காற்றோ தன் கிழக்கு வேகத்தை விடாமல் தரையை முந்தி ஓடுகிறது. ஆக, பூமி சுற்றுவதற்குப் பங்கு உண்டு, ஆனால் லாபம் கிழக்கே போகிறவருக்கு. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தைப் பசிபிக் வழியாகத் திருப்பியது. அட்லாண்டிக் வழி ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர், பசிபிக் வழி 15,300. 1,400 கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்தும் பதினான்கரை மணி நேரத்தில், பழைய வழியைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பே இறங்கியது. தூரத்தை மட்டும் பார்த்து நேரத்தைச் சொல்லாதீர்கள்.

அரியக்குடி: சிங்கப்பூருக்கு எத்தனை மணி நேரம்ணே?

முதல் பதிலைப் படியுங்கள்.

கண்டனூர்: மலேசியா விசா எப்படி எடுக்கிறது?

அது என் துறையில்லை, தூதரகத்தில் கேளுங்கள்.

புதுவயல்: ஆத்தா தனியா சிட்னி போறாக. சிங்கப்பூர் வரைக்கும் ஒரு டிக்கெட், அங்கேருந்து வேற கம்பெனி டிக்கெட். நடுவுல ஒன்றரை மணி நேரம் போதுமா?

போதாது. தனித்தனி டிக்கெட் என்றால் சிங்கப்பூரில் குடியேற்றச் சோதனை தாண்டிப் பெட்டியை எடுத்து, மறுபடி கவுண்டரில் போட வேண்டிவரும். அதற்கு விசாவும் தேவைப்படலாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது. ஒரே டிக்கெட்டாக எடுங்கள். பெட்டி நேரே சிட்னிக்குப் போகும். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலியும் கேட்டுவிடுங்கள், கூடவே ஓர் ஆள் வருவார்.

காரைக்குடி: அதே சிங்கப்பூர் விமானத்துக்கு வீட்டைவிட்டு எப்பக் கிளம்பணும்?

புதுக்கோட்டை வழியே ஏறத்தாழ 90 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். விமான நிலையம் அந்தச் சாலையிலேயே இருப்பதால் திருச்சி ஊருக்குள் நுழைய வேண்டாம். மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே நிற்க வேண்டும். 11 மணி விமானத்துக்கு மாலை ஐந்தரைக்குக் கார் புறப்பட்டிருக்கட்டும்.