கோட்டைமேட்டு வீடும் நீலக் கட்டம் போட்ட ஒரு சட்டையும்

வணக்கம் மேடம்,

எனக்கு 42 வயது. கோவைக்காரன், வேலை பெங்களூரில். பெயர் போட வேண்டாம்.

எங்கள் தாத்தா கட்டிய வீடு கோட்டைமேட்டில் இருக்கிறது. ஓட்டு வீடு, முன்னால் இரண்டு பேர் உட்காருகிற அளவுக்குத் திண்ணை. 14 வயது வரை அங்கேதான் வளர்ந்தேன். ஒரு பக்கம் ஈஸ்வரன் கோயில் மணி, இன்னொரு பக்கம் பள்ளிவாசல் பாங்கு. விடிகாலைப் பாங்கு கேட்டதும் அப்பா எழுந்து பால் வாங்கப் போவார், எனக்கும் படிக்க எழுந்திருக்க வேண்டிய நேரம் அது. எங்கள் வீட்டில் அலாரம் கடிகாரம் என்று ஒன்று வாங்கியதே கிடையாது.

பக்கத்து வீட்டில் என் வயதுப் பையன். ஒரே வகுப்பு, ஒரே சைக்கிள் (சைக்கிள் அவனுடையது, ஆனால் நான்தான் ஓட்டுவேன்). அவனுடைய அத்தாவை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். உக்கடத்தில் நடைபாதையில் ரெடிமேட் சட்டை போட்டு விற்றுக்கொண்டிருந்தார்.

1997 நவம்பர் 29 உங்களுக்குத் தெரிந்திருக்கும், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பணியிலிருந்த ஒரு போலீஸ்காரரைக் கொன்றுவிட்டார்கள். அடுத்த இரண்டு நாளும் கலவரம். துப்பாக்கிச்சூட்டிலும் கும்பலிடம் சிக்கியும் 18 முஸ்லிம்கள் செத்தார்கள். கடைகள் எரிந்தன, எரிவதற்கு முன்னால் காலியும் செய்யப்பட்டன. திங்கட்கிழமை ராத்திரி சித்தப்பா ஒரு வெள்ளைச் சாக்கோடு வீட்டுக்கு வந்தார். அப்பா "என்னடா இது?" என்றார். "ரோட்டுல கெடந்துச்சுண்ணா, நான் எடுக்கலைன்னா இன்னொருத்தன் எடுத்துட்டுப் போகப்போறான்." அப்பா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா சாக்கைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

உள்ளே சட்டைகள். காலருக்கு அடியில் அட்டை வைத்து, குண்டூசி குத்தி, கண்ணாடிக் கவர் போட்டது. எனக்கு ஒன்று கிடைத்தது, வெளிர்நீலக் கட்டம். கவரைப் பிரித்ததும் புகை வாடை. அம்மா இரண்டு தடவை சோப்புப் போட்டு அலசினார், அப்பவும் அக்குள் தையலில் கொஞ்சம் வாடை இருந்தது. பொங்கலுக்கு அதைத்தான் போட்டேன். அவன் திண்ணையில் வந்து உட்கார்ந்தான், காலரை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தான். துணி வியாபாரி மகன், எந்தத் துணியைப் பார்த்தாலும் தொட்டுப் பார்க்கிற பழக்கம் அவனுக்கு. "எங்கடா எடுத்தீங்க?" என்றான். "ஒப்பணக்கார வீதில" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அவன் அத்தாவின் கடை எரிந்து அப்போது ஒன்றரை மாதம். அது அவர் கடைச் சட்டையா, வேறு யாருடையதா, எனக்கு இன்றைக்கு வரை தெரியாது. அவனுக்குத் தெரிந்துதான் கேட்டானா என்பதும் தெரியாது.

அடுத்த மாதம், 1998 பிப்ரவரி 14, குண்டுவெடிப்பு. 58 பேர் போனார்கள். என் தாய்மாமாவுக்கு வலது காது போய்விட்டது. பக்கத்து வீட்டு அண்ணனை, அதாவது அவனுடைய அண்ணனை, விசாரணை என்று கூட்டிப் போனார்கள், திரும்பி வர மாதக்கணக்கில் ஆயிற்று என்று அப்புறம் கேள்விப்பட்டோம். முழுப்பரீட்சை முடிந்த கையோடு நாங்கள் வடவள்ளிக்குக் கிளம்பிவிட்டோம். சோதனைச் சாவடியில் நிறுத்தி, பீரோவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சாமான் வண்டியை விட்டார்கள். அவனிடம் நான் சொல்லிக்கொண்டு வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்பா தவறி எட்டு மாதம் ஆகிறது. கோட்டைமேட்டு வீட்டில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். அம்மாவுக்கு 70 வயது, "நான் அங்கயே போய் இருந்துக்கறேன் சாமி" என்கிறார். தம்பி விற்றுவிடலாம் என்கிறான், 2022-ல் கார் வெடித்ததைச் சொல்லிச் சொல்லிக் காட்டுகிறான். புரோக்கர் ஒருவர் "அங்க நம்ம ஆளுக யாரும் வாங்க மாட்டாங்க, அவிங்கதான் வாங்குவாங்க, ஆனா ரேட்டு நல்லாப் போகும்" என்றார். "நம்ம ஆளுக" என்றபோது நானும் தலையாட்டினேன்.

போன மாதம் வீட்டைப் பார்க்கப் போனேன். உக்கடத்தில் இப்போது மேம்பாலம் வந்துவிட்டது, எங்கே இறங்க வேண்டும் என்று தெரியாமல் தாண்டிப்போய்த் திரும்பி வந்தேன். பூட்டைத் திறக்கும்போது பாங்கு சொன்னார்கள். என்னைத் தினமும் எழுப்பின சத்தம் மேடம் அது. நெஞ்சு படபடவென்று அடித்தது, உள்ளங்கை வேர்த்து சாவி கீழே விழுந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவனே வந்தான். தாடி நரைத்துவிட்டது. "டேய்! அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டு, டீ சொல்லி, திண்ணையில் உட்கார வைத்தான். பத்து நிமிஷம் என்னால் இருக்க முடியவில்லை. வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். டீ அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. என் டீமிலேயே இரண்டு முஸ்லிம் நண்பர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் எனக்கு எதுவும் தோன்றுவதில்லை. அந்தத் தெருவில் மட்டும் ஏன்? எனக்குள்ளே மதவெறி இருக்கிறதா? அம்மாவைப் போக விடலாமா? சட்டை விஷயத்தை அவனிடம் சொல்லிவிடட்டுமா? "28 வருஷத்துக்கு முந்தின சட்டைக்கு யாராச்சும் மன்னிப்புக் கேப்பாங்களா" என்று மனைவி சிரிக்கிறாள்.

ஒரு கோவை வாசகர்

---

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் குண்டுவெடிப்புக்கு நாலு வரி, சட்டைக்கு ஒரு பத்தி முழுசாக. தாய்மாமா எந்த இடத்தில் அடிபட்டார் என்றுகூட நீங்கள் எழுதவில்லை. ஆனால் சட்டையின் எந்தத் தையலில் புகை வாடை தங்கியிருந்தது என்பது வரை எழுதியிருக்கிறீர்கள். அதனால் எனக்குத் தோன்றுவதை நேரடியாகவே சொல்கிறேன். அந்தத் தெருவில் உங்களுக்கு வந்ததில் பாதிதான் பயம். மீதிப் பாதி, கடன் கொடுத்தவரைத் தூரத்தில் கண்டதும் அடுத்த சந்தில் திரும்பிவிடுகிற கூச்சம். இரண்டுக்கும் நெஞ்சு ஒரே மாதிரிதான் அடிக்கும், அதனால் இத்தனை வருஷமாக இரண்டையும் சேர்த்துப் பயம் என்றே சொல்லிவந்திருக்கிறீர்கள்.

முதலில் நிஜமான பயத்தைப் பார்த்துவிடலாம். ஆபத்து நேரத்தில் மூளை சுற்றியிருக்கிற சத்தம், வாசனை, இடம் எல்லாவற்றையும் ஆபத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளும். அமிக்டலா என்கிற சின்னப் பகுதிக்கு இதில் பெரிய பங்கு. அது நியாயம் அநியாயம் பார்க்காது, யார் மேல் தப்பு என்று விசாரிக்காது. 14 வயதில் மூன்று மாதத்துக்குள் ஒரு கலவரம், ஒரு குண்டுவெடிப்பு, அப்புறம் வீட்டையே காலி செய்தது. அதெல்லாம் நடந்த தெரு அது, அந்தத் தெருவின் சத்தம் பாங்கு. ஆபீஸ் நண்பர்களிடம் வராதது அங்கே மட்டும் வருவதற்குக் காரணம் இதுதான். சாவி நழுவியதை மதவெறி என்று சொல்ல மாட்டேன். புரோக்கருக்குத் தலையாட்டினீர்களே, அது உடம்பு தானாகச் செய்தது இல்லை. ஆனால் அதை நீங்களே கவனித்து எழுதியிருக்கிறீர்கள், அதனால் நான் நீட்டவில்லை.

இந்த முடிச்சை அவிழ்த்து எறிய முடியாது, பக்கத்திலேயே புதிதாக ஒன்று போட்டுக்கொள்ளலாம். படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது எழுந்து ஓடினால், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று உடம்பு எடுத்துக்கொள்ளும். அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் அடிக்கும். அந்த வராத போன் செய்த வேலை இதுதான். உட்கார்ந்தே இருந்தால் அது ஏறும், ஒரு இடத்தில் நிற்கும், அப்புறம் தானாக இறங்கும். ஆகவே திரும்பப் போங்கள், பகல் நேரத்தில், கையில் ஒரு வேலையோடு. ஒட்டடை அடிக்கலாம், எலக்ட்ரீஷியனை வரச்சொல்லிப் பழைய வயரிங்கைப் பார்க்கலாம், ஓடு எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கலாம். சும்மா உட்கார்ந்து பயத்தைக் கவனிப்பதைவிட இது சுலபம். சாயங்காலப் பாங்கு ஒன்றை அங்கே இருந்தே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நாலைந்து தடவை ஆனபிறகு ஒரு ராத்திரி தங்குங்கள்.

தம்பி சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தின நாள் விடிகாலையில் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் கார் வெடித்து, அதில் வந்தவர் செத்துப்போனார். 98-ஐப் பார்த்தவர்கள் அன்றைக்கு நடுங்கினார்கள், அதில் இரண்டு பக்கமும் உண்டு. பிறகு சில நாளிலேயே அந்தப் பகுதி ஜமாத்துக்காரர்கள் அந்தக் கோயிலுக்கே போய் அர்ச்சகர்களைப் பார்த்துப் பேசினார்கள், அதுவும் நடந்ததுதான். தம்பி முதலாவதை மட்டும் சொல்கிறார். நீங்கள் இரண்டாவதை மட்டும் சொல்லி அவர் வாயை அடைக்கப் பார்க்க வேண்டாம், அவருக்கும் அப்போது சின்ன வயதுதானே, அவரிடம் என்ன தங்கியிருக்கிறது என்று யாரும் கேட்ட மாதிரி தெரியவில்லை.

ஒருத்தரோடு ஒருத்தர் பழகினால் பகை வராது என்று பேச்சுப்போட்டியில் சொல்வோம். உங்கள் தெருவில் பழக்கத்துக்கா குறைச்சல்? ஒரே சைக்கிள். கார்டன் ஆல்போர்ட் என்கிற அமெரிக்க உளவியலாளர் 1954-லேயே இதை எழுதினார், சும்மா பக்கத்தில் இருப்பது போதாது, சமமான நிலையில், பொதுவான ஒரு காரியத்துக்காகச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், அதற்கு மேலிடத்து ஆதரவும் வேண்டும் என்று. நம் நாட்டு நகரங்களின் கலவரங்களை ஆராய்ந்த அசுதோஷ் வார்ஷ்ணேயும் கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நிற்கிறார். அக்கம்பக்கத்துப் பழக்கம் சின்ன ஊரில் தாங்கும், பெரிய நகரத்தில் வியாபாரிகள் சங்கம், தொழிற்சங்கம் என்று இரண்டு மதத்தாரும் சேர்ந்து இருக்கிற அமைப்புகள்தான் வதந்தி கிளம்பும் நேரத்தில் தாக்குப்பிடிக்கும் என்கிறார். உங்கள் விஷயத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்றால், "அங்க எல்லாரும் நல்லவங்க" என்ற நம்பிக்கையோடு அம்மாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வராதீர்கள். தண்ணீருக்கும் சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் மாநகராட்சிக்குப் போய் நிற்கிறவர்கள் யார் என்று விசாரித்து, அந்தக் கூட்டத்தில் உங்கள் வீட்டுப் பெயரும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவைத் தடுக்க வேண்டாம். வீட்டை விற்கவும் அவசரம் வேண்டாம், அப்பாவின் வருஷத் திதி முடியட்டும், துக்கத்தின் முதல் வருஷத்தில் சொத்து முடிவு எடுத்துவிட்டுப் பின்னால் வருந்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வடவள்ளி வீட்டைக் காலி செய்யாமல், மூன்று மாதம் அங்கே இருந்து பார்க்கட்டும். இன்னொன்று, அம்மாவிடம் சட்டையைப் பற்றி என்றைக்காவது பேசியிருக்கிறீர்களா? அதை இரண்டு தடவை அலசினவர் அவர். சாக்கைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் அடுப்படிக்குப் போனவரும் அவர். இந்த வயதில் அங்கேதான் போய் இருப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்பதில் அந்தச் சாக்குக்கும் பங்கு உண்டா என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? நீங்கள் கேட்டுப் பார்க்கலாம்.

சரி, அவனிடம் சொல்வதா? சொல்லலாம், ஆனால் அடுத்த தடவை போனதும் கொட்டிவிடாதீர்கள். உங்கள் மனசு லேசாக வேண்டும் என்பதற்காகப் போய்ச் சொன்னால் அந்தப் பாரத்தை அவன் தலையில் இறக்கிவிட்டு வருகிறீர்கள். முதலில் கேளுங்கள், "அந்தக் காலத்து விஷயம் ஒண்ணு சொல்லணும்டா, சொல்லட்டுமா?" என்று. "விடுடா, அதெல்லாம் இப்ப எதுக்கு" என்றால் விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் அவனே கேட்கலாம், கேட்காமலும் போகலாம். சொல்லும்போது சித்தப்பாவை முன்னால் நிறுத்தாதீர்கள், அவர் செய்ததற்கு அவர் பதில் சொல்லட்டும். நீங்கள் சொன்ன பொய் "ஒப்பணக்கார வீதில" என்கிற ஒன்றுதான். 14 வயதுப் பையன் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது, ஆனால் அவனிடம் சொல்ல வேண்டியது அதைத்தான்.

தயவுசெய்து மாமாவின் காதை அந்தப் பேச்சில் சேர்க்காதீர்கள். கோவையில் இத்தனை வருஷமாக 18-ஐயும் 58-ஐயும் வைத்துக் கழித்தல் கணக்குப் போடுகிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். "எங்களுக்கும்தான் போச்சு" என்று ஆரம்பித்தால் நீங்களும் அந்தக் கணக்கில் உட்கார்ந்துவிடுவீர்கள், சட்டை காணாமல் போய்விடும். மாமாவுக்கு நடந்ததும் பேசப்பட வேண்டியதுதான், அதற்கு வேறொரு நாள் வையுங்கள். அவன் தன் அண்ணனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள், அது நீளமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அவனுக்குக் கோபம் வரலாம். உங்கள் மனைவி மாதிரியே சிரிக்கவும் செய்யலாம். "எனக்கு அன்னிக்கே தெரியும்டா" என்றும் சொல்லலாம், உங்களுக்கு மிகக் கஷ்டமாக இருக்கப்போவது இதுதான், இதற்கு மனசைத் தயார்படுத்திக்கொண்டு போங்கள்.

தூக்கமின்மை இன்னும் இரண்டு வாரம் நீடித்தால் பெங்களூரிலேயே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். நடுராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

கேட்க விட்டுப்போன ஒன்று. அந்தச் சட்டையைப் பொங்கலன்று போட்டீர்கள், அவன் காலரைத் தொட்டுப் பார்த்தான், அதோடு கடிதத்தில் அது காணோம். புதுச்சட்டை, ஒரு நாள் போட்டுவிட்டுத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள். அப்புறம் அது என்ன ஆயிற்று?