இடம் கொடுத்தாரா ஜார்?

கேள்வி: பண்ணையடிமைகளை விடுதலை செய்து, ஜூரி நீதிமன்றமும் கொண்டுவந்த ஜார் இரண்டாம் அலெக்சாண்டரைக் குண்டு வீசிக் கொன்றார்கள். இரும்புக்கரத்தோடு ஆண்ட அவருடைய மகன் மூன்றாம் அலெக்சாண்டர் படுக்கையில்தான் இறந்தார். பேரன் இரண்டாம் நிக்கோலாஸ் சாது, பாராளுமன்றம் வரை இறங்கி வந்தார், குடும்பத்தோடு அழிந்தார். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்பதற்கு ருஷ்யாவைவிட நல்ல உதாரணம் உண்டா? (பெயர் வேண்டாம் என்ற வாசகர், விருதுநகர்)

பதில்: மூன்று மன்னர்களை மூன்று வரியில் முடித்துவிட்டீர்கள், சாமர்த்தியம்தான். ஆனால் 'இடம் கொடுத்தார்' என்கிறீர்களே, எவ்வளவு இடம், என்ன விலைக்கு என்று கேட்டீர்களா? அந்தக் கணக்கைப் போட்டால் உங்கள் பழமொழி ருஷ்யாவில் ஒட்டாது. (தேதிகளைப் பழைய ருஷ்ய நாட்காட்டிப்படியே தருகிறேன், நம் காலண்டரோடு ஒப்பிட 12, 13 நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.)

1861 பிப்ரவரி 19. பண்ணையார்களிடம் இருந்த சுமார் 2 கோடியே 30 லட்சம் பேருக்கு விடுதலை. பெரிய காரியம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மன்னருடைய மனம் இளகியதால் வந்த விடுதலை அல்ல அது. கிரிமியப் போரில் வாங்கிய அடி இன்னும் வலித்துக்கொண்டிருந்த 1856-லேயே மாஸ்கோ பிரபுக்களிடம் அவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்: அடிமைமுறை கீழேயிருந்து தானாக ஒழியத் தொடங்கும்வரை காத்திருப்பதைவிட மேலேயிருந்து நாமே ஒழிப்பது மேல் என்று.

சரி, அடிமை விடுதலையாகிவிட்டான், நிலம்? அதை அவன் விலை கொடுத்து வாங்க வேண்டும். அந்த விலையைப் போட்ட விதத்தில்தான் சூட்சுமமே இருக்கிறது. மண்ணின் தரத்தைப் பார்த்து விலை போடவில்லை. அவன் அதுவரை பண்ணையாருக்கு ஆண்டுதோறும் கட்டிவந்த குத்தகைப் பணத்தை எடுத்து, அது 6 சதவீத வட்டி என்றால் அசல் எவ்வளவு இருக்கும் என்று பார்த்து, அந்த அசலை நிலத்தின் விலை என்றார்கள். ஒருவன் ஆண்டுக்கு 10 ரூபிள் கட்டிவந்தான் என்று வைத்துக்கொள்வோம். விலை ஏறக்குறைய 167 ரூபிள். இதில் 80 சதவீதத்தை, அதாவது 133 ரூபிளை, அரசாங்கம் பண்ணையாருக்குக் கடன்பத்திரமாகக் கொடுத்துவிடும். அந்தக் கடனுக்கு விவசாயி ஆண்டுக்கு 8 ரூபிள் வீதம் 49 ஆண்டு கட்ட வேண்டும், மொத்தம் 392 ரூபிள். மீதி 33 ரூபிளைப் பண்ணையாருக்குத் தனியாகக் கட்ட வேண்டும். வடக்கே மண் ஒன்றுக்கும் உதவாத பகுதிகளில் விவசாயி பட்டணத்துக்குப் போய்த் தச்சு வேலை, வண்டி வேலை செய்து சம்பாதித்த கூலியிலிருந்துதான் அந்தக் குத்தகையைக் கட்டிவந்தான். அந்தக் கூலியை வைத்து நிலத்துக்கு விலை போட்டால் என்ன அர்த்தம்? சட்டம் ஆள் விற்பனையை ஒழித்தது, ஆனால் அவன் தன் உடம்பைத் தானே தவணையில் வாங்கும்படி ஆயிற்று. அதோடு விட்டார்களா, ஏற்கெனவே உழுதுகொண்டிருந்த நிலத்தில் ஒரு துண்டை வெட்டிப் பண்ணையாருக்குக் கொடுத்ததும் பல ஊர்களில் நடந்தது. தவணைக்கு ஊரே கூட்டுப் பொறுப்பு. ஒருவன் கட்டாவிட்டால் மற்றவன் தலையில் விழும், ஆகவே ஊர்க்கூட்டம் சம்மதிக்காமல் யாரும் ஊரை விட்டுப் போகவும் முடியாது.

கசான் மாகாணத்தில் பெஸ்த்னா என்று ஒரு கிராமம். அங்கே எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த விவசாயி அந்தோன் பெத்ரோவ். விடுதலைச் சட்டப் புத்தகம் வந்ததும் ஊர்க்காரர்கள் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர் பக்கம் பக்கமாகத் தேடினார். ஜார் உண்மையான விடுதலை கொடுத்திருப்பார், பண்ணையார்கள்தான் மறைக்கிறார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. மாதிரிப் படிவம் ஒன்றில், எண்ணிக்கை எழுதவேண்டிய இடத்தில் பூஜ்யங்கள் போட்டிருந்தன. இதோ ஜாரின் ரகசிய விடுதலை என்று அவர் அந்தப் பூஜ்யங்களைக் காட்டினார்! சுற்று வட்டாரத்திலிருந்து ஆயிரக்கணக்கில் ஜனம் கூடிவிட்டது. 1861 ஏப்ரலில் படை வந்து சுட்டது, ஐம்பது பேருக்கு மேல் செத்தார்கள். பெத்ரோவ் சட்டப் புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வெளியே வந்தார், ஒரு வாரத்தில் அவரையும் நிற்கவைத்துச் சுட்டார்கள். ஜாரை எதிர்த்தா கூடினார்கள்? ஜார் மேல் வைத்த நம்பிக்கையில் கூடியவர்கள் அவர்கள்.

அடுத்து உங்கள் ஜூரி. 1864-இல் வந்த நீதிமன்றச் சீர்திருத்தம் உண்மையிலேயே முதல்தரமானது: திறந்த நீதிமன்றம், வழக்கறிஞர், ஜூரி எல்லாம் உண்டு. 1874 கோடையில் சில ஆயிரம் மாணவர்கள் விவசாயி வேஷம் போட்டுக் கிராமங்களுக்குப் போனார்கள். அரசாங்கத்தை எதிர்த்துத் துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள், பேசினார்கள், பல இடங்களில் விவசாயிகளே அவர்களைப் பிடித்துப் போலீசிடம் கொடுத்தார்கள். உண்மையைச் சொன்னால் பாதிக்கு மேல் கேலிக்கூத்து. அவர்களைப் பிடித்து, மூன்று நான்கு வருஷம் விசாரணைக் கைதிகளாக வைத்திருந்துவிட்டு, 193 பேர் மீது ஒரே வழக்குப் போட்டார்கள். அது ஜூரி இல்லாத தனி மன்றம், அதுவே ஏறக்குறைய பாதிப்பேரை விடுதலை செய்தது. விடுதலையானவர்களில் எண்பது பேரை நிர்வாக உத்தரவு ஒன்றைப் போட்டு நாடுகடத்தினார் ஜார். குற்றமற்றவன் என்று அவருடைய மன்றமே தீர்ப்பெழுதிய பிறகு!

அந்த வழக்கில் குற்றமற்றவர்கள் என்று வெளியே வந்தவர்களில் இரண்டு பேரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: அந்திரேய் ழெல்யாபவ், சோஃபியா பெரோவ்ஸ்கயா.

இதே காலத்தில் அன்றைய தலைநகரான பீட்டர்ஸ்பர்க் சிறையில் ஒரு மாணவன் தொப்பியைக் கழற்றவில்லை என்பதற்காகக் கவர்னர் திரெப்பவ் அவனைக் கசையால் அடிக்கச் சொன்னார். 1878 ஜனவரியில் மனு கொடுக்க வந்தவள்போல வேரா ஸசூலிச் என்ற பெண் அவர் அலுவலகத்துக்குப் போய், சால்வைக்குள்ளிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். திரெப்பவ் பிழைத்துக்கொண்டார். சுட்டது நான்தான் என்று ஸசூலிச்சும் மறுக்கவில்லை. மார்ச் 31-ஆம் தேதி ஜூரி அவரை விடுதலை செய்தது. சட்டப்படி அந்தத் தீர்ப்பு சரியா என்று என்னைக் கேட்டால், இல்லை, சுட்டவரைச் சுடவில்லை என்று சொன்ன தீர்ப்பு அது. ஆனால் அந்தத் தலைநகரத்து ஜூரியில் பெரும்பாலோர் அரசாங்க அலுவலகங்களில் வேலை பார்க்கும் சாதாரண உத்தியோகஸ்தர்கள். திரெப்பவ் செய்ததைத் தட்டிக்கேட்க நாட்டில் வேறு வழி இருந்திருந்தால் அவர்கள் கை அப்படி எழுதியிருக்காது. அரசாங்கம் அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டது? அதிகாரிகளைத் தாக்கும் வழக்குகளை ஜூரியிடமிருந்து பிடுங்கி, அப்புறம் ராணுவ நீதிமன்றத்துக்கே கொண்டுபோனது.

1881 மார்ச் 1. பீட்டர்ஸ்பர்க், கேத்தரின் கால்வாய்க் கரை. முதல் குண்டு தப்பியது, காயம்பட்டவர்களைப் பார்க்க ஜார் வண்டியிலிருந்து இறங்கினார், இரண்டாவது குண்டு காலடியில் வெடித்தது. கைக்குட்டையை ஆட்டிச் சமிக்ஞை கொடுத்துக்கொண்டிருந்தவர் பெரோவ்ஸ்கயா. திட்டத்தின் மூளையாக இருந்து இரண்டு நாள் முன்னால் பிடிபட்டவர் ழெல்யாபவ். துண்டுப் பிரசுரம் கொடுக்கப் போனவர்கள் ஏழு வருஷத்தில் வெடிகுண்டுக்கு வந்து சேர்ந்த கதை இதுதான். கொலையை நான் நியாயப்படுத்தவில்லை, வடிகட்டிய முட்டாள்தனம் என்றுகூடச் சொல்வேன். அன்று காலையில்தான், தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளிடம் யோசனை கேட்பதற்காக உள்துறை அமைச்சர் லோரிஸ்-மெலிகவ் போட்ட திட்டத்துக்கு ஜார் ஒப்புதல் கொடுத்திருந்தார். அவரோடு அதுவும் போயிற்று. ஆனால் கொன்றவர்கள் அவர் இடம் கொடுத்ததால் திமிர் பிடித்தவர்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மகனுக்கு வருவோம். மூன்றாம் அலெக்சாண்டர் படுக்கையில் இறந்தது நிஜம்தான், 49 வயதில் சிறுநீரகக் கோளாறு. நீங்கள் பாராட்டும் இரும்புக்கர மன்னர், பதவிக்கு வந்ததும் தலைநகரில் இருக்கப் பயந்து, காவல் சூழ்ந்த காத்சினா அரண்மனைக்குக் குடிபோனவர். 1881 ஆகஸ்டில் மூன்று வருஷத்துக்கு மட்டும் என்று ஒரு 'தற்காலிக' அவசரச் சட்டம் போட்டார். கூட்டத்தைத் தடுக்கலாம், பத்திரிகையை மூடலாம், விசாரணையே இல்லாமல் ஐந்து வருஷம் நாடுகடத்தலாம். அந்தத் தற்காலிகம் 1917 வரை நீடித்தது! வண்டிக்காரர், சமையல்காரி, சலவைக்காரி பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளியில் சேர்க்காதே என்று 1887-இல் கல்வி அமைச்சர் சுற்றறிக்கை விட்டார். அதே ஆண்டு யூத மாணவர்களுக்கு எண்ணிக்கை வரம்பு. அதே ஆண்டு, ஜாரைக் கொல்லச் சதி செய்ததற்காக ஐந்து மாணவர்களைத் தூக்கில் போட்டார்கள், ஒருவன் பெயர் அலெக்சாண்டர் உல்யானவ். அப்போது 17 வயதான அவனுடைய தம்பி பிற்பாடு லெனின் என்று பெயர் வைத்துக்கொண்டான். கடன் வாங்கியவர் அப்பா, வட்டியை ஏற்றிவிட்டவர் மகன், ஜப்தி வந்தது பேரன் வீட்டுக்கு. மகன் நிம்மதியாகச் செத்ததை வைத்து வட்டிக்கடை லாபம் என்கிறீர்கள்.

பேரன் சாது என்பதுதான் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. பேச்சு மெல்லியது, குடும்பத்து மேல் பாசம் உண்டு, எல்லாம் சரி. 1895 ஜனவரியில், மாகாண மன்றங்களின் பிரதிநிதிகள் ஆட்சியில் கொஞ்சம் பங்கு கேட்டபோது 'அர்த்தமற்ற கனவுகள்' என்று முகத்துக்கு நேரே சொன்னவர் அவர். 1905 ஜனவரி 9 அன்று பாதிரியார் கப்போன் தலைமையில் தொழிலாளர்கள் சாமி படமும் ஜார் படமும் ஏந்திக்கொண்டு அரண்மனைக்கு மனு கொடுக்க வந்தார்கள். கப்போனுடைய சங்கம், வேடிக்கையைக் கேளுங்கள், தொழிலாளர்களைப் புரட்சிக்காரர்களிடமிருந்து விலக்கிவைக்கப் போலீஸ் ஆதரவோடு தொடங்கியது. அவர்களையே சுட்டார்கள். அரசுக் கணக்குப்படியே 130 சாவு. ஜார் அன்று ஊரிலேயே இல்லை. பத்து நாள் கழித்துப் பொறுக்கியெடுத்த சில தொழிலாளர்களை அழைத்து, 'உங்கள் குற்றத்தை மன்னிக்கிறேன்' என்றார். இவர் இவர்களை மன்னித்தாராம்!

பாராளுமன்றம் வரை இறங்கி வந்தார் என்கிறீர்கள். அக்டோபர் மாதம் நாடே வேலைநிறுத்தத்தில் நின்றபிறகுதான் இறங்கினார். விவசாயிகளின் அந்த 49 வருஷத் தவணையை நிறுத்துவதாக அறிவித்ததும் அதே 1905 நவம்பரில்தான், பண்ணை வீடுகள் எரிய ஆரம்பித்தபிறகு. டூமா என்ற அந்தப் பாராளுமன்றம் கூடுவதற்கு நான்கு நாள் முன்னால், முழு அதிகாரம் என்னுடையதுதான் என்று அடிப்படைச் சட்டம் போட்டுக்கொண்டார். 72 நாளில் அந்த டூமாவைக் கலைத்தார். அடுத்த மாதமே பிரதமர் ஸ்தலிப்பினுடைய ராணுவக் களநீதிமன்றங்கள்: வக்கீல் கிடையாது, இரண்டு நாளில் தீர்ப்பு, ஒரு நாளில் தண்டனை. எட்டு மாதத்தில் ஆயிரம் பேருக்கு மேல் மரண தண்டனை விதித்தார்கள். அடுத்த டூமாவும் பிடிக்கவில்லை என்று 1907-இல் தான் எழுதிய சட்டத்தையே மீறித் தேர்தல் விதிகளை மாற்றினார். 1912-இல் லேனா தங்கச் சுரங்கத்தில் அழுகிய இறைச்சி கொடுத்தார்கள் என்று வேலைநிறுத்தம் செய்தவர்களைச் சுட்டபோது, உள்துறை அமைச்சர் டூமாவில் எழுந்து 'இப்படித்தான் இருந்தது, இனியும் இப்படித்தான் இருக்கும்' என்றார். இதில் எந்த இடத்தில், ஐயா, இடம் கொடுத்தார்கள்?

உங்கள் இரும்புக்கரத்தைக் கடைசி வாரத்திலும் சோதித்துப் பார்த்தார்கள். 1917 பிப்ரவரியில் ரொட்டிக்கு வரிசையில் நின்ற பெண்கள் தெருவுக்கு வந்தார்கள், ஆலைகள் நின்றன. 25-ஆம் தேதி ராணுவத் தலைமையகத்திலிருந்து ஜார் தந்தி கொடுத்தார்: தலைநகரத்துக் கலவரத்தை நாளைக்கே நிறுத்தும்படி கட்டளையிடுகிறேன். 26-ஆம் தேதி ஸ்நாமென்ஸ்கயா சதுக்கத்தில் வொலின்ஸ்கி படைப்பிரிவு கூட்டத்தைச் சுட்டது, சதுக்கத்தில் பிணங்கள் கிடந்தன. அன்றிரவு அந்தச் சிப்பாய்கள் முகாமில் தூங்கவில்லை. பெரும்பாலும் விவசாயி வீட்டுப் பையன்கள், அப்பனும் தாத்தாவும் தவணை கட்டியவர்கள். 27-ஆம் தேதி காலையில் மறுபடி சுடப் புறப்படச் சொல்லி வந்த கேப்டன் அவர்களுடைய குண்டுக்கே பலியானார், துப்பாக்கிகளோடு அவர்கள் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டார்கள்.